குடி, அடி, முதுமை: மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால் எந்தக் கதவை முதலில் தட்டுவது?

மகன் குடிக்கிறார். மனைவியை அடிக்கிறார். எழுபது வயது அம்மாவின் ஏடிஎம் கார்டைத் தன் பர்ஸிலேயே வைத்திருக்கிறார். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு இது ஒரே பிரச்சினை. அரசாங்கக் கணக்கில் மூன்று. குடிக்கு மருத்துவமனை, அடிக்குச் சமூக நலத் துறையும் காவல் நிலையமும், வயதான அம்மாவுக்கு வருவாய்க் கோட்டாட்சியர். ஓர் அலுவலகத்தில் போய் நின்றால் மற்ற இரண்டைப் பற்றி அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. நெருங்கிய உறவில் ஒரு குடும்பத்துக்காக இந்தப் படிகளில் எல்லாம் ஏறி இறங்கி, "இது இங்க இல்லைங்க" என்பதைப் பல குரல்களில் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கானது இது.

1. வரிசையை முதலில் தீர்மானியுங்கள்

பெரும்பாலான குடும்பங்கள் குடியில் இருந்துதான் தொடங்குகின்றன. "குடியை நிறுத்திட்டா எல்லாம் சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள், சில சமயம் காவல் நிலையத்திலும் சொல்வார்கள். நான் இதை ஏற்பதில்லை. குடி சிகிச்சை மாதக்கணக்கில் போகும், இடையில் மறுபடி குடிப்பதும் சகஜம். அதுவரை அடி வாங்கிக்கொண்டு காத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. குடித்தால் மட்டும் அடிப்பவர் தெருவில் போகிறவரையோ முதலாளியையோ அடிப்பதில்லை, வீட்டில் இருப்பவரைத்தான் அடிக்கிறார் என்பதையும் யோசியுங்கள்.

அதனால் வரிசை இது: முதலில் உயிருக்குப் பாதுகாப்பு. அடுத்து காகிதங்கள். பிறகு மனைவிக்கும் பெரியவர்களுக்குமான சட்டப் பாதுகாப்பு. குடி சிகிச்சையை இவற்றோடு சேர்த்தே தொடங்கலாம், ஆனால் மற்றவை அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

2. நம்பர்கள்: எது எதற்கு

இப்போதே அடி விழுகிறது என்றால் 112. காயம் இருந்தால் 108. இந்த இரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும்.

181 பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். மனைவி மட்டுமல்ல, அம்மா, அக்கா, மகள் யாரும் கூப்பிடலாம். 14567 முதியோர் உதவி எண், தினமும் காலை 8 முதல் இரவு 8 வரை. அடி, புறக்கணிப்பு, பென்ஷன் சிக்கல், முதியோர் இல்லம் தேடுவது எல்லாவற்றுக்கும் வழி சொல்வார்கள். ஆண் பெரியவர்களுக்கு 181 பொருந்தாது, அவர்களுக்கு இதுதான். இரவில் என்றால் 112.

குடிக்கு 14446. மனநல ஆலோசனைக்கு 14416, இது 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம். குழந்தை அடிபட்டால் 1098. இலவச வக்கீலுக்கு 15100.

ஒரு எச்சரிக்கை. இலவச எண்ணாக இருந்தாலும் போனின் அழைப்புப் பட்டியலில் நிற்கும். அவர் உங்கள் போனை எடுத்துப் பார்ப்பவர் என்றால் பேசி முடித்ததும் அழித்துவிடுங்கள், அல்லது பக்கத்து வீட்டுப் போனில் பேசுங்கள். எடுத்தவுடன் கதை முழுக்கச் சொல்ல வேண்டாம். எந்த ஊர், இப்போது அவர் வீட்டில் இருக்கிறாரா, குழந்தைகள் எத்தனை பேர், திரும்பக் கூப்பிட்டால் பாதுகாப்பா, இந்த நான்கையும் முதலில் சொல்லிவிட்டால் மற்றதை அவர்களே கேட்பார்கள்.

3. காகிதங்கள்: வீட்டை விட்டு வெளியே ஒரு செட்

அலைச்சலில் பாதி காகிதத்தால்தான் வருகிறது. குடிப்பவர் கோபத்தில் முதலில் கிழிப்பதும் ஒளித்து வைப்பதும் காகிதங்களைத்தான். அசல் போனாலும் நகல் இருந்தால் தாக்குப்பிடிக்கலாம்.

ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, திருமணப் பதிவுச் சான்று (இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும்), குழந்தைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், வீட்டுப் பத்திரம் அல்லது பட்டா, பெரியவர்களின் மருந்துச் சீட்டுகள், பென்ஷன் ஆணை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து நம்பகமான ஒருவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனில் இருந்து நீக்கிவிடுங்கள். ஒரு செட் ஜெராக்ஸ் அம்மா வீட்டிலோ தோழி வீட்டிலோ இருக்கட்டும். நகை இருந்தால் அதற்கும் போட்டோ.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஆதாரில் இணைத்த மொபைல் எண். வீட்டில் எல்லோருடைய ஆதாருக்கும் கணவரின் எண்ணையோ மகனின் எண்ணையோ கொடுத்திருப்பார்கள். நீங்கள் எங்கே போய் என்ன விண்ணப்பித்தாலும் ஓடிபி அவருக்குப் போகும், விஷயமும் தெரிந்துவிடும். ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து உங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான். வங்கிக் கணக்கில் இணைத்த மொபைல் எண்ணையும் அப்படியே மாற்றுங்கள். அம்மாவின் ஏடிஎம் கார்டு மகனிடம் இருந்தால், அம்மாவை வங்கிக்கு அழைத்துப் போய் அந்தக் கார்டை முடக்கிப் புதிது கேட்பது ஒரு மணி நேர வேலை. பெரியவர் பணத்தைக் கேட்காமல் எடுப்பதும் கொடுமைதான். அதை "குடும்பப் பணம்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் புகாராக எடுக்க மாட்டார்கள்.

4. அடி: மருத்துவமனையில் தொடங்கி கோர்ட் வரை

காயம் இருந்தால் முதல் இடம் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அங்கே எப்படிக் காயம் பட்டது என்று கேட்பார்கள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் அது அப்படியே பதிவாகும், நாளை கோர்ட்டில் அந்த வரியையே எதிர்த் தரப்பு வாசிக்கும். யார் அடித்தார், எந்தப் பொருளால் அடித்தார் என்று சொல்லுங்கள். இதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், மருத்துவமனைப் பேச்சில் "ஏ.ஆர். போடறது". அந்த ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பிற்பாடு எந்த மனுவிலும் இதைவிட வலுவான காகிதம் கிடையாது.

அடுத்தது ஒருங்கிணைந்த சேவை மையம். வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக மாவட்டம்தோறும் இருக்கிறது, பெரும்பாலும் அரசு மருத்துவமனை வளாகத்திலோ பக்கத்திலோ. எங்கே என்று 181-இல் கேட்டால் சொல்வார்கள். மருத்துவம், போலீஸ் உதவி, வக்கீல், ஆலோசனை, சில நாள் தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். கட்டணம் இல்லை. கையில் ஆதார் இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. தங்குவது ஐந்து நாள் வரைதான் என்பதால் அதன்பின் எங்கே என்ற பேச்சை முதல் நாளே தொடங்குங்கள். நீண்ட நாள் தங்கும் இல்லங்களுக்கு அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். வளர்ந்த ஆண் பிள்ளை கூட இருந்தால் அங்கே தங்க அனுமதி கிடைக்காமல் போகலாம். அதைப் போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

காவல் நிலையத்துக்குப் போனால் வெறும் கையோடு திரும்பாதீர்கள். மனு கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வழக்கு பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகத் தர வேண்டும். கணவரோ அவர் வீட்டாரோ செய்யும் கொடுமைக்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்றிருந்தது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 85. "எங்க எல்லை இல்லை" என்று சொன்னாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி உண்டு.

அங்கே நடக்கும் மிகப் பெரிய பொறி, "இனிமே அடிக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்காரு, நீயும் ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போம்மா" என்பது. அவர் எழுதிக் கொடுப்பதில் தவறில்லை. அவர் எழுதியதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் "எனக்குப் புகார் எதுவும் இல்லை" என்ற வரியின் கீழ் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

"அவரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம், அடி நின்னா போதும், இந்த வீட்ல இருந்தா போதும்" என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கானது குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம். போலீஸ் வழக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெரியாமலேயே பலர் புகாரைப் பாதியில் விடுகிறார்கள். இதில் நீங்கள் கேட்பது உத்தரவுகள்: அடிக்கக் கூடாது, நெருங்கக் கூடாது, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது, மாதச் செலவுக்குப் பணம் தர வேண்டும், குழந்தைகள் என்னிடம் இருக்க வேண்டும். வீடு யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை உண்டு. பாதுகாப்பு உத்தரவை அவர் மீறினால்தான் சிறை: ஓராண்டு வரை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடிக்கும் மகன் மீது அம்மாவும் இதே சட்டத்தில் மனு போடலாம். இது மனைவிகளுக்கு மட்டுமான சட்டம் இல்லை.

போக வேண்டிய ஆள் பாதுகாப்பு அலுவலர். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள், பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும். நீங்கள் சொல்வதைக் கேட்டு "குடும்ப நிகழ்வு அறிக்கை" தயாரித்து நீதித்துறை நடுவர் மன்றத்துக்கு அனுப்புவார். தேதி, இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் வேலை பாதியாகும். அம்மா வீட்டில் வந்து தங்கியிருந்தால் அந்த ஊர் கோர்ட்டிலேயே மனு போடலாம், புகுந்த ஊருக்கு ஓட வேண்டாம்.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் போதும். காலம்? முதல் விசாரணை மூன்று நாளுக்குள், வழக்கு 60 நாளில் முடிய முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா வாய்தாவாக இழுக்கும். ஆகையால் முதல் மனுவிலேயே இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லி வக்கீலிடம் வற்புறுத்துங்கள். எதிர்த் தரப்பு வராவிட்டாலும் அதைக் கொடுக்கலாம். இதைக் கேட்காமல் விட்டால் இறுதி உத்தரவு வரும்வரை கையில் ஒன்றும் இருக்காது.

5. பெரியவர்கள்: கோட்டாட்சியர் அலுவலகம்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. பெற்றோர் என்றால் வயது வரம்பு இல்லை, மற்றவர்களுக்கு 60 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கிற அல்லது வாரிசாக அடையப்போகிற உறவினர் மீது மனு கொடுக்கலாம்.

தீர்ப்பாயம் இருப்பது வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில். ஆட்டோக்காரரிடம் "ஆர்.டி.ஓ. ஆபீஸ்" என்று மட்டும் சொன்னால் லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். "சப்-கலெக்டர் ஆபீஸ், ரெவின்யூ" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அலைய முடியாதவர்கள் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்ப்பு நாளில் மனு கொடுத்தாலும் அங்கிருந்து அனுப்பிவிடுவார்கள். கொடுத்த மனுவுக்கு எண் வாங்க மறக்காதீர்கள். நடக்கவே முடியாதவர் வேறொருவருக்கோ ஒரு தொண்டு நிறுவனத்துக்கோ அதிகாரம் கொடுத்து மனு போட வைக்கலாம்.

கொண்டு போக வேண்டியவை: வயதுக்கு ஆதார் அல்லது வாக்காளர் அட்டை, உறவைக் காட்ட ரேஷன் கார்டு, பாஸ்புக், மருந்துச் செலவு ரசீதுகள், சொத்து எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பத்திரத்தின் நகல், பிள்ளைகள் எல்லோருடைய முகவரி. "எல்லோருடைய" என்பதைக் கவனியுங்கள். குடிக்கிற மகன் பெயரை மட்டும் போட்டால் அவர் வந்து "அண்ணனையும் சேருங்க" என்பார், நோட்டீஸ் மறுபடி முதலில் இருந்து போகும். வெளிநாட்டில் இருக்கும் மகளையும் சேர்த்தே எழுதுங்கள். நல்ல பிள்ளைக்கு முன்பே போன் செய்து சொல்லிவிட்டால் மனஸ்தாபம் இருக்காது.

வக்கீல் தேவையில்லை என்ற அடிப்படையில் எழுதப்பட்ட சட்டம் இது, அதனால் பெரிய செலவில்லை. நோட்டீஸ் சேர்ந்த 90 நாளுக்குள் முடிவு வர வேண்டும், தேவைப்பட்டால் இன்னொரு 30 நாள். அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்லலாம், வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகையும் கேட்கலாம். உத்தரவு வந்தும் பணம் வரவில்லையென்றால், அந்தத் தவணை தேதியில் இருந்து மூன்று மாதத்துக்குள் திரும்ப மனு கொடுத்தாக வேண்டும். "போகட்டும், அடுத்த மாசம் தருவான்" என்று அம்மாக்கள் இந்தக் கெடுவைத்தான் தவற விடுகிறார்கள். உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு.

சொத்து விஷயம். மகனுக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் கவனிக்கவில்லை என்றால் பிரிவு 23-இன் கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தது என்று நிரூபிக்க வேண்டும் என 2022-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, இது பெரியவர்களுக்கான சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. ஆக, பத்திரத்தில் அந்த வரி இல்லை என்பதற்காக மனு கொடுக்காமல் இருக்காதீர்கள். இனிமேல் எழுதுபவர்கள் அந்த ஒரு வரியைச் சேர்க்காமல் பத்திரப் பதிவு அலுவலகத்துப் படியேறாதீர்கள். பத்திரம் எழுதுபவர் "அதெல்லாம் எதுக்குங்க" என்பார். நீங்கள் விடாதீர்கள்.

ஒரு சிக்கலான இடம்: அம்மா மகனை வீட்டை விட்டு வெளியேற்றக் கேட்கிறார், அதே வீட்டில் மருமகளும் குழந்தையும் இருக்கிறார்கள். மருமகளின் தங்கும் உரிமையைப் பறிக்க மூத்த குடிமக்கள் சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாமியாரும் மருமகளும் ஒரே பக்கம் நின்றால் இரண்டு மனுக்களும் ஒன்றையொன்று தாங்கும். எதிரெதிராக நின்றால் குடிப்பவருக்குத்தான் லாபம்.

பணத்துக்கு: முதியோர் ஓய்வூதியம் 2023-இல் 1,000-இலிருந்து 1,200 ரூபாய் ஆனது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வருவார். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரையும் இயன்முறைப் பயிற்சியும் வலி நிவாரணப் பராமரிப்பும் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

6. குடி: திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள்

பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு எதிர்க்கும். ஆறு மணி நேரத்தில் இருந்தே கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை வரலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளில் இருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் அடையாளம் தெரியாது, பிதற்றுவார்கள். இது உயிர் போகக்கூடிய நிலை. கோயிலில் கயிறு கட்டுவதோ மாலை போடுவதோ மனதுக்குப் பலம் என்றால் செய்யுங்கள், அதற்கு முன்னால் ஒரு டாக்டரைப் பாருங்கள். நடுக்கத்தோடு குழப்பமோ வலிப்போ வந்தால் 108.

இதில் யாரும் சொல்லாத ஒன்று. குடிக்கிற பெரியவர் கீழே விழுந்து எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்கிறார். இரண்டு மூன்று நாள் கழித்து ராத்திரியில் எழுந்து உளறுகிறார், ஊசியைப் பிடுங்குகிறார். "மூளை கலங்கிடுச்சு" என்று குடும்பம் பதறும். குடி கிடைக்காததால் வந்த வினையாக அது இருக்கக்கூடும். மானத்துக்குப் பயந்து மறைக்காமல், சேர்க்கும்போதே "தினமும் குடிப்பார், இவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. 2025-இல் அரசு மருத்துவமனைகளில் 25 இடங்களில் "கலங்கரை" என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்தார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. மத்திய அரசு நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இலவச மறுவாழ்வு மையங்களும் உண்டு, உங்கள் மாவட்டத்தில் எது என்பதை 14446-இல் கேளுங்கள். தனியாரில் நீண்ட அனுபவம் உள்ளது சென்னை இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை, 1980 முதல் இயங்குகிறது.

காலையில் சீக்கிரம் புறநோயாளிச் சீட்டு எடுங்கள். ஆதார், பழைய மருந்துச் சீட்டு, சமீபத்தில் எடுத்த கல்லீரல், சர்க்கரைப் பரிசோதனை இருந்தால் அவையும். உடம்பில் இருந்து குடியை இறக்கும் சிகிச்சைக்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. அதன்பிறகான ஆலோசனையும் மாதக்கணக்கான மாத்திரையும்தான் உண்மையான சிகிச்சை.

அரசு வார்டில் "கூட ஒருத்தர் இருக்கணும்" என்பார்கள். யார் போய் உட்காருகிறார்? அடி வாங்கிய மனைவி! அவரை அனுப்பாதீர்கள். அண்ணன், தம்பி, நண்பர், யாராவது போகட்டும். டிஸ்சார்ஜ் தேதியை மனைவிக்கு முன்கூட்டியே சொல்லச் சொல்லி வார்டிலும் கேட்டு வையுங்கள். அன்றைக்கு வீட்டில் யார் இருப்பது என்பதை அதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும்.

"அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று சுவரிலும் போனிலும் வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். டைசல்ஃபிரம் என்றொரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை தொடரும். இதயமும் கல்லீரலும் பரிசோதித்து, அவருக்கே தெரிந்து, டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அது மருந்து.

7. தனியார் மறுவாழ்வு மையம்: கேட்டுவிட்டுச் சேருங்கள்

அடித்துத் திருத்துகிறோம் என்று உயிரே போன செய்திகள் நம் ஊரிலேயே வந்திருக்கின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 குடி, போதை சிகிச்சைக்கும் பொருந்தும். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யாமல் மையம் நடத்தக் கூடாது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், தேதி முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனை, வாரம் எத்தனை முறை பார்க்கலாம், போனில் பேசலாமா, இவற்றையும் கேளுங்கள். "மூணு மாசத்துக்கு யாரும் பாக்கக் கூடாது" என்று சொல்லும் இடத்தில் இருந்து அப்படியே திரும்பிவிடுங்கள். சங்கிலி போடுவதும் மொட்டையடிப்பதும் சட்டப்படி தடை.

"வண்டி அனுப்பறோம், நாலு பேர் வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்பது இன்னொரு வலை. ஒருவர் சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டுமென்றால் மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியே பரிசோதித்து எழுத வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். மாதக் கட்டணத்தோடு மருந்து, பரிசோதனை, முன்பணம் தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டால் பாதியில் கூட்டி வரும்போது திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

8. அதற்குப் பிறகு

குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணமோ விண்ணப்பமோ கிடையாது, பெயரைக் கூட முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. பல இடங்களில் தேவாலய வளாகத்தில் அல்லது பள்ளிக்கூட அறையில் மாலை வேளையில் நடக்கும். அவருக்கு அது என்றால், வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் கூட்டங்கள் தனியாக உண்டு. குடிப்பவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடிப்பவரைத் திருத்தும் வித்தை அங்கே கிடைக்காது, உங்களைப் போலவே ராத்திரி முழுக்க வாசல் கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்தவர்கள் கிடைப்பார்கள்.

சாகலாம் போலிருக்கிறது என்று உங்களுக்கோ, பெரியவர்களுக்கோ, குடிப்பவருக்கோ தோன்றினால் 14416. சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050.

மறுபடி குடித்துவிட்டு வந்தால் அதே டாக்டரிடம், அதே சீட்டோடு கூட்டிப் போங்கள், புது இடம் தேட வேண்டாம். மறுபடி அடித்தால் அவரை டாக்டரிடம் கூட்டிப் போகாதீர்கள். கோர்ட் உத்தரவின் நகலோடு காவல் நிலையம். அந்த நகல் ஒன்று எப்போதும் உங்கள் பையிலும், இன்னொன்று பக்கத்து வீட்டிலும் இருக்கட்டும்.